விளக்கு வைத்தபின் குப்பை படி தாண்டாது

விக்னராஜா பொய் சொல்லாத மனுசன். இதை முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் சனம் வேறு மாதிரிக் கதைத்தது. எழுபத்தாறாம் ஆண்டில் சிட்னியில் இருந்த நம்மவர் குடும்பங்களை, இரண்டு கை இரண்டு கால் விரல்களோடு பக்கத்து வீட்டுக்காரனின் விரல்களையும் இரவல் வாங்கினால் எண்ணி முடித்துவிடலாம். அத்தனை பேரும் அவரிடம் எங்கே வேலை என்று கேட்டார்கள். அத்தனை பேருக்கும் அவர் "கவுன்சிலில்" என்று பதில் சொன்னார். அது முழு உண்மை. நகரசபைதான் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. கேட்டவர்கள் மேசையையும் கதிரையையும் மின்விசிறியையும் தாங்களாகவே கற்பனையில் போட்டுக்கொண்டார்கள் என்றால் அதற்கு அவர் என்ன செய்வார்? ஞாயிற்றுக்கிழமைத் தேவாரக் கூட்டங்களுக்கு அவர் கட்டி வந்த கழுத்துப்பட்டியும் அந்தக் கற்பனைக்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்தது.

உண்மையில் அவர் குப்பை லொறிக்குப் பின்னால் ஓடுகிறவர். கெவின் என்ற வெள்ளைக்காரன் லொறியை ஓட்டுவான். தெருவின் ஒரு பக்கம் விக்னராஜாவும் மறுபக்கம் யூகோஸ்லாவியாக்காரனான ஸ்லாவ்கோவும் ஓடுவார்கள். வீட்டு வாசலில் இருக்கும் தகர வாளியைத் தூக்கித் தோளில் சாய்த்து, ஓடிப்போய் லொறியின் பின்வாயில் கவிழ்த்து, வெறும் வாளியை வாசலில் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். லொறி நிற்காது. விடிய ஐந்து மணிக்குத் தொடங்கி எல்லாத் தெருக்களையும் முடித்துவிட்டால், அது பத்து மணியாக இருந்தாலும் வீட்டுக்குப் போகலாம் என்பது அந்த வேலையின் சட்டம். ஆகவே ஓட்டத்தில் யாரும் திரும்பிப் போவதில்லை. விட்ட வாளி விட்டதுதான். ஒருவன் திரும்பினால் மூவருடைய பகலும் அரை மணி குறையும்.

விக்னராஜாவுக்கு அந்தப் பகல் பெரிது. சிட்னிக்கு வருமுன் அவர் நான்கு வருடம் சாம்பியாவில், லுசாக்கா நகரத்தின் ஓரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பித்தவர். இங்கே அவருடைய பட்டத்தை மதிப்பிட வேண்டும் என்றார்கள். இரண்டு வருடமாக மதிப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அதுவரை பகலில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். நம்மவர்கள் மட்டும் எந்தக் காகிதமும் கேட்காமல் அவரை "மாஸ்ரர்" என்றே கூப்பிட்டார்கள்.

அந்த மாசி மாதம் அவருடைய நெஞ்சில் இருந்தது ஒரே ஒரு காரியம். தங்கை சந்திரவதனாவுக்கு இருபத்தொன்பது முடிந்துவிட்டது. ஊரிலே, கொக்குவிலில் ஆசிரியை. வந்த சம்பந்தங்கள் எல்லாம் சாதகத்திலும் சீதனத்திலும் இடறி விழுந்தன. கடைசியில் சிட்னியிலேயே ஒன்று கூடிவந்தது. ஸ்ட்ராத்ஃபீல்டில் இருந்த எஞ்சினியர் அரியரத்தினத்தின் மனைவி யோகாவுக்கு ஒரு தம்பி, பெயர் சிறிதரன், கணக்காளர், மெல்பேர்னில் வேலை. பொருத்தம் பத்துக்கு எட்டு. படம் பார்த்துப் பையனுக்குப் பிடித்துவிட்டது. யோகாவும் அரியரத்தினமும் அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வந்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. பையன் சித்திரையில் சிட்னிக்கே மாறி வருவதாகவும், கல்யாணமானபின் அக்கா வீட்டிலேயே இருப்பதாகவும் பேச்சு.

அதற்கு முந்திய ஞாயிறு, தேவாரம் முடிந்து கடலை பரிமாறும்போது யோகா அவரிடம் வந்தார்.

"மாஸ்ரர், நீங்கள் கவுன்சிலிலதானே. எங்கட தெருவுக்கு வாற குப்பைக்காரருக்கு ஒருக்கால் சொல்லிவிடுங்கோவன். ரெண்டு கிழமையா எங்கட வாளியை விட்டிட்டுப் போறாங்கள்."

"வாளி வெளியிலை வைக்கேல்லையோ?"

"வெள்ளிக்கிழமை விடியவல்லோ வாறாங்கள். வியாழன் பின்னேரமே வைச்சால் ராச்சமையல் குப்பை முழுக்க உள்ளுக்குக் கிடக்கும். சாப்பிட்டு முடிய விளக்கு வைச்சிடும். விளக்கு வைச்சாப்பிறகு குப்பை படி தாண்டலாமே? லட்சுமியும் சேர்ந்தெல்லோ போவா. நான் விடிய எழும்பி இழுத்துக்கொண்டு ஓடுறன், அவங்கள் நிக்கிறாங்கள் இல்லை."

பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் தலையாட்டினார்கள். அவர்கள் வீட்டிலும் அதே கதை. ஊரில் குப்பைக்கிடங்கு வீட்டு வளவுக்குள்ளேயே இருந்ததால் லட்சுமிக்கும் கவுன்சிலுக்கும் சண்டை வந்ததில்லை. விக்னராஜா "பாக்கிறன்" என்றார். அதுவும் பொய்யில்லை. அது வேறு லொறியின் தெரு. அந்த லொறிக்காரனை அவருக்குத் தெரியும், சொல்லிப் பார்க்கலாம் என்றுதான் நினைத்தார்.

வெள்ளிக்கிழமை விடிய வேலைக்குப் போனபோது கெவின் புதுச் செய்தி சொன்னான். மற்ற லொறியில் ஒருவனுக்குக் கணுக்கால் முறிந்துவிட்டதாம். இனி வெள்ளிக்கிழமைகளில் ஸ்ட்ராத்ஃபீல்டில் நான்கு தெருக்கள் இவர்களுக்கு. தெருப் பெயர்களை வாசித்தான். மூன்றாவது பெயர் வந்ததும் விக்னராஜா அதைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். அந்தத் தெருவில் அவர் கழுத்துப்பட்டியோடு போய் விருந்து சாப்பிட்டிருக்கிறார்.

முதலில் அவர்களுடைய வழக்கமான தெருக்கள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், தொழிற்சாலைகளுக்கு நடுவே, ஒரு வீட்டில் நான்கு குடும்பங்கள் அறை அறையாக இருக்கும் இடம். நான்கு குடும்பத்துக்கும் ஒரே வாளி. நிரம்பி வழிந்ததை மட்டைப்பெட்டியில் போட்டுப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். வாளியில் இல்லாததை எடுக்க வேண்டாம் என்பது உத்தரவு. விக்னராஜா எடுப்பார். எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் லுசாக்காவில் பார்த்திருந்தார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த குடியிருப்புக்கு எந்த லொறியும் வராது. மழை பெய்தால் குப்பை வீட்டுக்குள் வரும், அதன் பின்னால் வயிற்றோட்டம் வரும். அங்கே ஒரு பெண் ஒற்றைச் சில்லு வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வீடு வீடாகக் குப்பை எடுத்தாள். சில்லறையோ சோளமாவோ கொடுப்பதை வாங்குவாள். அதிலேயே மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். மூத்தவன் முலெங்கா, விக்னராஜாவின் வகுப்பில் முதல் வரிசை வாங்கில் உட்கார்ந்து கணக்குச் செய்தவன். தாயை எல்லோரும் முலெங்காவின் அம்மா என்றே கூப்பிட்டார்கள். அவளுடைய சொந்தப் பெயர் என்னவென்று விக்னராஜா கேட்டதே இல்லை.

அன்று அந்த மூன்றாவது தெரு வந்தபோது ஆறு மணி. அரியரத்தினத்தின் வீடு இடது பக்கம். இடது பக்கம் விக்னராஜாவின் பக்கம்.

"ஸ்லாவ்கோ, இந்தத் தெருவுக்கு மட்டும் பக்கம் மாறுவமா?" என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஏன், நாயா?"

விக்னராஜா பதில் சொல்லவில்லை. பேசாமல் இருப்பது பொய்யில் சேர்த்தி இல்லை. ஸ்லாவ்கோ தோளைக் குலுக்கிவிட்டு மாறினான்.

விக்னராஜா தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினார். வாளியைத் தூக்கும்போதெல்லாம் கடைக்கண் அந்த வீட்டிலேயே இருந்தது. வாசலில் வாளி இல்லை. வீட்டைக் கடந்தார்கள். அடுத்த வீட்டையும் கடந்தார்கள். அப்பாடா என்று மூச்சு விட்டார். தங்கையின் கல்யாணம் இன்னும் உயிரோடு இருந்தது. அப்போதுதான் பின்னால் தகரம் சீமெந்தில் கிறீச்சிடும் சத்தம் கேட்டது.

"வெயிட்! பிளீஸ் வெயிட்!"

யோகா வீட்டுச் சட்டையோடு, கொண்டை அவிழ, இரண்டு கையாலும் வாளியை இழுத்துக்கொண்டு வாசல் படலைக்கு வெளியே வந்தார். மூன்று கிழமைக் குப்பை, மாசி மாதத்து வெயில், மூடி மூட மறுத்து மேலே நின்றது. ஸ்லாவ்கோ திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்த வாளியைத் தோளில் ஏற்றினான். கெவின் லொறியை மெதுவாக்கவே இல்லை. விக்னராஜாவும் ஓடிக்கொண்டிருந்திருப்பார். ஆனால் நடைபாதை விளிம்பில் வாளி இடறிச் சரிந்தது. சோறும் மீன் தலையும் வாழைப்பழத் தோலும் புழுவுமாக நடைபாதையெங்கும் பரவியது. யோகா மூக்கைப் பொத்திக்கொண்டு, இனி என்ன செய்வது என்று தெரியாமல் அழுகிறவர் மாதிரி நின்றார்.

இரண்டு தப்படி முன்னால் வைத்தார் விக்னராஜா. பிறகு லொறியின் பக்கத்தில் கொழுவியிருந்த, குப்பை அள்ளும் சவளையும் கூட்டும் தும்புத்தடியையும் இழுத்தெடுத்துக்கொண்டு திரும்பி ஓடினார். ஏன் திரும்பினார் என்று பின்னால் மனைவி கேட்டபோது, "பாக்கிறன் எண்டு சொல்லிப்போட்டனெல்லோ" என்றார்.

தலையை நிமிர்த்தாமல் அள்ளினார். சவளுக்கு அகப்படாததைக் கையால் அள்ளினார். கெவின் ஹோர்ன் அடித்தான், தொடர்ந்து அடித்தான். யோகாவின் ரப்பர்ச் செருப்பு மூன்றடி தள்ளி நின்றது. ஒரு சொல் தமிழில் வாயில் வந்தால் போதும், ஒரு முறை நிமிர்ந்தால் போதும், சந்திரவதனாவின் தலையில் மண். வாளியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கவிழ்த்து, திரும்பக் கொண்டுவந்து படலையடியில் வைத்தபோது வேர்வை கண்ணுக்குள் எரிந்தது.

"வாட்டர்?" என்றார் யோகா. விக்னராஜா தலையாட்டுவதற்குள் அவர் செம்பை எடுத்துக்கொண்டு தோட்டத்துக் குழாயடிக்குப் போய்விட்டார்.

உள்ளேயிருந்து அரியரத்தினத்தின் குரல் கேட்டது. "ஆரப்பா அது?"

"குப்பைக்காரன். பாவம், எல்லாத்தையும் அள்ளிப்போட்டான். தண்ணி குடுக்கிறன். பிஜிக்காரன் போல கிடக்கு."

"எங்கட கப்பிலை குடுத்துப்போடாதை."

"எனக்குத் தெரியாதே? அதுக்கெண்டு வெளியிலை ஒரு போத்தல் வைச்சிருக்கிறன்."

அது ஒரு ஜாம் போத்தல். லேபிள் பாதி உரிந்திருந்தது. யோகா அதை மதில்மேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார். விக்னராஜா எடுத்து நீட்ட, யோகா செம்பை உயரத்தில் பிடித்துத் தண்ணீரை ஊற்றினார். செம்பு போத்தலில் முட்டாத உயரம். விக்னராஜாவுக்கு அந்த உயரம் அளவு பிசகாமல் தெரியும். லுசாக்காவில் அவர் வீட்டுப் படலையில் ஆணி அடித்து ஒரு பால்மாத் தகரப் பேணி தொங்கியது. முலெங்காவின் அம்மா தண்ணீர் கேட்டால் அந்தப் பேணியில் அவரும் அதே உயரத்திலிருந்துதான் ஊற்றினார். மகனுக்கு வகுப்பில் கணக்குக்குச் சரி போட்ட அதே கையால் ஊற்றினார். அவளுடைய முகத்தை ஒரு நாளும் அவர் பார்த்ததில்லை. அதனால்தான் இன்று தன் முகத்தை யோகா பார்க்க மாட்டார் என்றும் அவருக்கு விளங்கியது. முற்பகல் செய்தது பிற்பகலில் வரும் என்பார்கள். இவ்வளவு தூரம் கடல் தாண்டி விலாசம் தேடிக்கொண்டு வரும் என்று அவர் நினைக்கவில்லை. வெட்கமாக இருந்தது. குடித்தார். போத்தலை மதில்மேல் வைத்துவிட்டு லொறியைத் துரத்தி ஓடினார்.

அன்று பகல் வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். மனைவி மங்கையர்க்கரசி விடாமல் கேட்டபின் எல்லாம் வந்தது.

"யோகா கண்டவவோ?"

"காணேல்லை."

"அப்ப என்ன கவலை? ஞாயிற்றுக்கிழமை வந்து முடிவைச் சொல்லிப்போட்டுப் போகட்டும்."

"நான் சொல்லப்போறன், மங்கை."

மங்கையர்க்கரசி கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தார். "உங்களுக்கு என்ன விசரே? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய்யலாம் எண்டு சொல்லுறவை. நாங்கள் ஒரு பொய்கூடச் சொல்லேல்லை. சும்மா இருந்தால் போதும்."

"தங்கச்சி கலியாணம் கட்டி அந்த வீட்டிலைதானே இருக்கப்போறாள். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் அந்தப் படலையிலை நிப்பன். ஒரு நாளைக்கு யோகா அவளிட்டைச் செம்பைக் குடுத்து, குப்பைக்காரனுக்கு ஊத்து எண்டுவா. அவள் எனக்கு ஜாம் போத்தலிலை ஊத்தவேணுமோ?"

மங்கையர்க்கரசி அகப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பினார். ஞாயிறு வரை விம்மிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு நாலு மணிக்கு அரியரத்தினமும் யோகாவும் வந்தார்கள். அரியரத்தினம் கோட்டுப் போட்டிருந்தார். யோகா காஞ்சிபுரம் கட்டியிருந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் பூவும் இருந்தன. அதைப் பார்த்தவுடனேயே பதில் என்னவென்று தெரிந்துவிட்டது. மங்கையர்க்கரசி வடையும் தேநீரும் கொண்டுவந்து வைத்தார். புருசனை ஒரு பார்வை பார்த்தார். இன்னும் நேரம் இருக்கிறது, வாயை மூடிக்கொண்டிருங்கோ என்ற பார்வை.

"எங்களுக்குப் பூரண சம்மதம் மாஸ்ரர்," என்றார் அரியரத்தினம். "வைகாசியிலை நல்ல நாள் இருக்கு. சீதனக் கதை ஒண்டும் வேண்டாம் எண்டு சிறிதரன் கண்டிப்பாச் சொல்லிப்போட்டான்."

விக்னராஜாவின் கண் தொலைக்காட்சிப் பெட்டியின் மேலிருந்த தங்கையின் படத்துக்குப் போனது. எத்தனை வருடம் காத்திருந்த சொல். அதைக் கேட்டுவிட்டு அப்படியே எழுந்து அரியரத்தினத்தின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அந்தக் கணத்தில் அவருக்கும் மனம் மாறத்தான் செய்தது. சொல்லாமல் விட்டால் என்ன, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. மங்கையர்க்கரசியின் முகத்தில் நிம்மதி படர்ந்துகொண்டிருந்தது.

யோகா தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரித்தார். "அதோட, உங்களுக்கு நன்றியும் சொல்லவேணும். நீங்கள் கவுன்சிலிலை சொன்ன உடனை வேலை நடந்திட்டுது. வெள்ளிக்கிழமை ஒருத்தன் திரும்பி ஓடிவந்து எடுத்தவன். நிலத்திலை கொட்டினதைக்கூடக் கையாலை அள்ளினவன். தங்கமான பெடியன்."

மங்கையர்க்கரசி கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்தப் பெடியன் நான்தான் அக்கா," என்றார் விக்னராஜா.

அரியரத்தினம் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார். விக்னராஜா நிதானமாகச் சொன்னார். இரண்டு வருடமாக லொறிக்குப் பின்னால் ஓடுவதையும், பட்டம் இன்னும் மதிப்பீட்டில் இருப்பதையும், இனி வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் தெரு தன்னுடையது என்பதையும் சொன்னார். தங்கச்சிக்கு இதெல்லாம் தெரியும், அவள் வெட்கப்படவில்லை என்றும் சொன்னார். யோகா அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். யோகாவின் கப்பில் தேநீர் முக்கால்வாசி இருந்தது. அதைச் சத்தம் இல்லாமல் மேசையில் வைத்தார்.

ஒருவர் வீட்டில் கை நனைப்பதும் நனைக்காததும் நம்மவர்களிடையே எவ்வளவு பெரிய பேச்சு என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விக்னராஜா அந்தக் கப்பைப் பார்த்தபடி இருந்தார். அது திரும்ப எழவில்லை. மேலே ஆடை படிந்தது.

"ஓம்... அப்ப நாங்கள் சிறிதரனோடையும் ஒருக்கால் கதைச்சுப்போட்டு அடுத்த கிழமை சொல்லுறம்," என்றார் அரியரத்தினம். எழும்பும்போது அவருடைய பார்வை வாழைப்பழச் சீப்பில் ஒரு கணம் பட்டது. திரும்ப எடுத்துக்கொண்டு போக முடியாது, அதனால் விட்டுவிட்டார்.

வாசலில் யோகாவுக்குக் கண் கலங்கியிருந்தது. அவர் கெட்ட மனுசி இல்லை. "மாஸ்ரர், எனக்குச் சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தால் கப்பிலை தந்திருப்பன்."

"குறை சொல்லேல்லை அக்கா. நானும் ஒருத்திக்கு அப்பிடித்தான் குடுத்தனான்."

"போட்டு வாறம்," என்று சொல்லிவிட்டு யோகா காருக்குப் போனார்.

அந்தக் கிழமை விக்னராஜா கல்லூரிக்குப் போகாமல் ஒவ்வொரு பகலும் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்து படித்தார், ஒரு வரியும் தலையில் ஏறவில்லை. அது ஒலிக்கவில்லை. யோகா அழுததை நினைத்துக்கொள்வார். அழுதவ மனம் மாறக்கூடும், சிறிதரன் படித்த பையன், ஒரு சொல் சொல்லக்கூடும் என்று மங்கையர்க்கரசியிடம் சொல்வார். மங்கையர்க்கரசி ஓம் என்பார். தங்கைக்குக் கடிதம் எழுதத் தொடங்கி, முடிவு தெரியட்டும் என்று வைத்துவிட்டார். வியாழன் நடுச்சாமத்தில் மழை கொட்டியது. அவர் விழித்திருந்து அதைக் கேட்டார். விடிந்தால் யோகா வாளியோடு வருவா, அப்போது நேருக்கு நேர் முகத்தைப் பார்ப்பேன், முகமே பதிலைச் சொல்லிவிடும் என்று எண்ணிக்கொண்டார்.

வெள்ளி விடிய, மூன்றாவது தெருவில் அவர் பக்கம் மாறவில்லை. தொப்பியையும் இறக்கவில்லை. ஒவ்வொரு வாளியாகத் தூக்கிக்கொண்டு வந்தார். இன்னும் நான்கு வீடு. மூன்று வீடு.

அரியரத்தினத்தின் வாசலில் வாளி இருந்தது. மூடி ஒழுங்காக மூடி, நடைபாதை விளிம்பில், மற்ற வீட்டு வாளிகளைப் போலவே.

அவர் மூடியைத் திறந்தார். மேலே முந்திய இரவுச் சாப்பாட்டின் மிச்சம். தூக்கினார். தெரு முழுக்க மழையில் நனைந்திருந்தது. வாளி இருந்த இடத்தில் மட்டும் சீமெந்து வட்டமாகக் காய்ந்து கிடந்தது. மழைக்கு முன்பே, இருட்டிய பிறகு, விளக்கு வைத்துச் சாப்பிட்டு முடித்தபின் யாரோ அதைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். வீட்டு ஜன்னல்கள் எல்லாவற்றிலும் திரை இழுத்திருந்தது. மதில்மேல் ஜாம் போத்தல் இல்லை.

விக்னராஜா அந்தக் காய்ந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். லட்சுமி போனாலும் பரவாயில்லை, இவனுடைய முகத்தில் முழிக்கக் கூடாது என்று ஒரு வீடு முடிவு கட்டிவிட்டது. இதற்குமேல் தொலைபேசி எதற்கு?

கெவின் ஹோர்ன் அடித்தான். அவர் வாளியைக் கவிழ்த்து, தட்டி, திரும்பக் கொண்டுவந்து அந்த வட்டத்தின்மேலேயே வைத்தார். பகல் வீட்டுக்குப் போய்த் தங்கைக்கு எழுத வேண்டும். அடுத்த வீட்டுக்கு ஓடினார்.